குதிரைத் தொட்டியும் தானியக் கணக்கும்: ட்ராவியனில் படைச் செலவைக் கட்டடத்தால் குறைப்பது

யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போட முடியுமா என்று ஊரில் கேட்பார்கள். ட்ராவியன் ஆடியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் நன்றாகத் தெரியும். படை எடுப்பதற்கு ஆகும் செலவைத் திரையில் பெரிதாகக் காட்டுகிறார்கள், நாமும் அதைப் பார்த்துத்தான் திட்டம் போடுகிறோம். ஆனால் ஆட்டம் நீள நீள உண்மையில் நம்மைக் கட்டிப்போடுவது அந்தப் படைக்கு மணிக்கு மணி போட வேண்டிய தீனிதான்.

ஆடாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ட்ராவியன் 2004-இல் ஜெர்மனியில் தொடங்கிய விளையாட்டு, உலாவியிலேயே ஆடலாம், தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ரோமானியர், கால் (Gaul), ட்யூட்டன் என்ற மூன்று இனங்களோடு தொடங்கியது. மரம், களிமண், இரும்பு, தானியம் என நான்கு வளங்கள். முதல் மூன்றும் எதையாவது கட்டும்போதோ படை எடுக்கும்போதோதான் செலவாகும். தானியம் அப்படியில்லை, நாம் தூங்கும்போதும் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீரனும் மணிக்கு இவ்வளவு என்று தின்பான், கட்டடங்கள் உயர உயரக் கூடும் மக்கள்தொகையும் தின்னும். விளைச்சலைவிடத் தீனி அதிகமாகி, களஞ்சியமும் காலியாகிவிட்டால் படை பட்டினியில் சாகத் தொடங்கும். எதிரி வரவே வேண்டாம்.

இந்த இடத்தில் ரோமானியர்களுக்கு மட்டும் ஒரு கட்டடம் கொடுத்திருக்கிறார்கள். குதிரைகளுக்கான தண்ணீர்த் தொட்டி. பெயரைக் கேட்டால் அலங்காரம் போலத் தோன்றும், பலர் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதும் உண்டு. என் கருத்தில் ரோமானியராக ஆடி, குதிரைப்படையை நம்பியிருப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய கட்டடம் இதுதான். ஏன் என்பதை ஒரே ஒரு குதிரைவீரனை வைத்தே சொல்லிவிடலாம்.

ஈக்விட்டஸ் இம்பெரட்டோரிஸ் என்ற ரோமானியக் குதிரைவீரனை எடுக்க 550 மரம், 440 களிமண், 320 இரும்பு, 100 தானியம் ஆகும். மொத்தம் 1410. அவன் மணிக்கு 3 தானியம் தின்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 470 மணி நேரத்தில், அதாவது 20 நாள்கூட ஆவதற்குள், அவனை எடுக்க ஆன மொத்தச் செலவுக்குச் சமமான தானியத்தைத் தின்று தீர்த்துவிடுகிறான். ட்ராவியன் ஒரு நாளில் முடியும் ஆட்டம் இல்லை, சாதாரண வேகச் சர்வரில் மாதக்கணக்கில் ஓடும். 5 மாதம் உயிரோடு வைத்திருந்தால் அவன் தின்றது 10,800. எடுத்த விலை வெறும் 1410. இதைப் பார்த்த பிறகு எடுக்கும் விலையில் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பதைப் பற்றி யோசிக்கவே தோன்றாது, அந்த 3 என்ற எண்ணில் எப்படிக் கை வைப்பது என்றுதான் மனம் போகும்.

தண்ணீர்த் தொட்டி கை வைப்பது அந்த எண்ணில்தான். தொட்டி 10-வது லெவலைத் தொட்டதும் ஈக்விட்டஸ் லெகாட்டி என்ற ஒற்றர் குதிரையின் தீனி 2-லிருந்து 1 ஆகிறது. 15-இல் இம்பெரட்டோரிஸ் 3-லிருந்து 2 ஆகிறது. 20-இல் ஈக்விட்டஸ் சீசரிஸ் 4-லிருந்து 3 ஆகிறது. இடையில் உள்ள லெவல்களால் தீனியில் ஒரு மாற்றமும் இல்லை, லெவலுக்கு ஒரு சதவீதம் பயிற்சி நேரம் குறையும், அவ்வளவுதான். அதனால் 14-வது லெவலில் நிற்கும் தொட்டி, தானியக் கணக்கைப் பொறுத்தவரை 10-வது லெவல் தொட்டியேதான். பாதியில் விட்டவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இனி முக்கியமான விஷயம். பெரும்பாலானோர் இந்தக் கட்டடத்தை "மணிக்கு எவ்வளவு மிச்சமாகும்" என்று கேட்டுத்தான் எடை போடுகிறார்கள். 5,000 இம்பெரட்டோரிஸ் இருந்தால் மணிக்கு 5,000, நாளுக்கு 1,20,000 தானியம் மிச்சம். சரி, நல்ல எண்தான். ஆனால் மிச்சமான தானியத்தைக் களஞ்சியத்தில் பூட்டி வைத்து யாரும் ஜெயிப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே தானியத்தில் இன்னும் எத்தனை குதிரையை உயிரோடு வைத்திருக்க முடியும்? ஓர் ஊரால் மணிக்கு 30,000 தானியம் படைக்குக் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி இல்லாமல் 10,000 இம்பெரட்டோரிஸ். தொட்டி 15 இருந்தால் 15,000. செலவு குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான், படை கூடியதோ சரிபாதி. ஒரு குதிரைக்கு 120 தாக்குதல் புள்ளி என்பதால், 12 லட்சமாக நின்றிருக்க வேண்டிய படை 18 லட்சமாகிறது. வயல் ஒன்றுகூட ஏறவில்லை, விளைச்சலைக் கூட்டும் பாலைச்சோலை எதையும் பிடிக்கவில்லை.

இதையே ஒரு தானியத்துக்கு எவ்வளவு தாக்குதல் என்று மாற்றிப் பார்த்தால் இனங்களுக்கு இடையே உள்ள நிலையே புரண்டுவிடுகிறது. கால் இனத்தின் தியூட்டேட்ஸ் தண்டர் 100 தாக்குதலுக்கு 2 தானியம், ஆக தானியத்துக்கு 50. அவர்களுடைய ஹேடுவன் 140-க்கு 3, கிட்டத்தட்ட 47. ட்யூட்டன் நைட் 150-க்கு 3, அதுவும் 50. ரோமானிய இம்பெரட்டோரிஸ் தொட்டி இல்லாமல் 120-க்கு 3, வெறும் 40. சீசரிஸ் 180-க்கு 4, அது 45. அதாவது தொட்டி கட்டாத ரோமானியரின் குதிரைப்படைதான் தீனியைப் பொறுத்தவரை இந்த வரிசையிலேயே மோசம். தொட்டி வந்ததும் இரண்டும் 60-க்குப் போய் இந்த வரிசையில் மற்றவற்றைத் தாண்டிவிடுகின்றன. ரோமானியக் குதிரை தின்னித்தனமானது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்த இனத்தின் குதிரையை வடிவமைத்தவர்கள் தொட்டியையும் சேர்த்தேதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள், தொட்டியைக் கட்டாதவர் பாதிக் குதிரையோடு ஆடுகிறார்.

ஒரு எதிர்க்கேள்வி வரும், அது நியாயமானதும்கூட. காலாட்படையான இம்பீரியன் 70 தாக்குதலுக்கு 1 தானியம்தானே தின்கிறான், 60-க்காக ஏன் இவ்வளவு பாடு? தீனியை மட்டும் பார்த்தால் இம்பீரியன்தான் சிறந்தவன், தொட்டி கட்டினாலும் அவனைக் குதிரை முந்தாது. ஆனால் அவன் வேகம் 7, இம்பெரட்டோரிஸ் வேகம் 14. கொள்ளைக்குப் போய்வர ஆகும் நேரம் பாதி, ஒருவன் சுமப்பதும் 50-க்குப் பதில் 100. அதைவிட முக்கியம், படைமுகாமும் குதிரை லாயமும் ஒரே நேரத்தில் இயங்கும். லாயத்தைச் சும்மா போட்டு வைத்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. அதனால் பெரிய தாக்குதல் படை சேர்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள், அப்போது தானியத்தில் பெரும் பங்கு போவது குதிரைக்குத்தான்.

தீனிப் பிரச்சினைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, விளைச்சலைக் கூட்டுவது. மாவு ஆலை 5-வது லெவலில் 25 சதவீதம், ரொட்டிக்கூடம் 5-வது லெவலில் இன்னொரு 25 சதவீதம். தானியம் தரும் பாலைச்சோலைகளில் 25 உண்டு, 50 உண்டு, அதிகபட்சம் மூன்று பிடிக்கலாம். எல்லாரும் முதலில் போவது இந்த வழியில்தான், அது சரியும்கூட, ஏனென்றால் இவை எல்லாப் படைக்கும் எல்லா இனத்துக்கும் உதவும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தச் சதவீதங்கள் எல்லாம் வயலின் அடிப்படை விளைச்சல் மேல் தனித்தனியாகக் கூடுபவை. வயல் 10,000 தந்தால், ஆலையும் ரொட்டிக்கூடமும் சேர்ந்து 5,000, மூன்று 50 சதவீதச் சோலைகள் 15,000, ஆக மொத்தம் 30,000. இன்னொரு 25 சதவீதம் இதே வகையில் கிடைத்தாலும் அது 2,500 மட்டுமே. தொட்டியோ மொத்தத்தின் மேல் வேலை செய்கிறது. அந்த 30,000 முழுவதையும் இம்பெரட்டோரிஸுக்குக் கொடுத்தால், 45,000 விளைந்ததற்குச் சமமாகிவிடுகிறது. அதாவது விளைச்சலைக் கூட்டக் கூட்டத் தொட்டியின் மதிப்பும் கூடுகிறது. சிறிய ஊரில் தொட்டி கட்டுவது வீண், 15 தானிய வயல் கொண்ட தலைநகரிலோ முழு வளர்ச்சி அடைந்த படை ஊரிலோ கட்டினால் அதுதான் இருப்பதிலேயே லாபமான கட்டடம்.

அதே சமயம் எல்லா லெவலும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. ட்ராவியனில் பெரும்பாலான கட்டடங்களைப் போலவே ஒவ்வொரு லெவலுக்கும் விலை முந்தையதைவிடச் சுமார் 28 சதவீதம் கூடும். கேட்க அதிகமாகத் தெரியாது, ஆனால் கூட்டு வட்டி போல ஏறும். 1 முதல் 15 வரை ஆகும் மொத்தச் செலவைப்போல் இரண்டரை மடங்கு, 16 முதல் 20 வரையிலான ஐந்து லெவலுக்கு மட்டும் ஆகிறது. அந்தச் செலவில் என்ன கிடைக்கிறது? சீசரிஸ் தானியத்துக்கு 45-லிருந்து 60 ஆகிறது. ஆனால் அந்த 60-ஐ இம்பெரட்டோரிஸ் 15-வது லெவலிலேயே தொட்டுவிட்டது, அதுவும் 10-க்குப் பதில் 14 வேகத்தோடு. எடுக்கும் விலையிலும் சீசரிஸுக்குப் பெரிய சலுகை இல்லை, ஒரு தாக்குதல் புள்ளிக்கு இரண்டும் ஏறக்குறைய 12 வளம்தான் கேட்கின்றன. ஆகவே தாக்குதலுக்காக மட்டும் என்றால் 15-இல் நிறுத்துவதுதான் என் தேர்வு. லாயம் ஓடும் நேரத்துக்குச் சீசரிஸ் கொஞ்சம் கூடுதல் வலிமை தரும், தற்காப்பும் அதற்கு நன்றாக உண்டு. ஆட்டக் கடைசி வரை ஒரே பெரும் படையைச் சேர்த்துக்கொண்டே போகிறவருக்கு 20 கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் அந்த வளத்தில் குதிரையே எடுத்துவிடலாம்.

10-வது லெவல் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒற்றர் குதிரையின் தீனி பாதியாகிறது, சதவீதமாகப் பார்த்தால் மூன்றிலும் பெரிய சலுகை இதுதான். ஆயிரக்கணக்கில் ஒற்றர்களை வைத்துக் கூட்டணி ஊர்களைக் காப்பவருக்கு நல்ல உதவி. மற்றபடி 15-க்குப் போகும் வழியில் கிடைப்பது.

கட்டும் நேரம்தான் பலர் தவறு செய்யும் இடம், நானும் செய்தேன். தொட்டிக்கு லாயம் 20-வது லெவலும் அணிதிரள் களம் 10-வது லெவலும் வேண்டும். லாயத்தை 20 வரை ஏற்றவே நிறைய வளம் போய்விடும், ஏற்றி முடித்ததும் கையில் இருப்பதை எல்லாம் குதிரையாக மாற்றிவிடத் தோன்றும், அதற்குத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தோம். முதல் சர்வரில் அப்படித்தான் எடுத்துக்கொண்டே போனேன். தொட்டியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். ஓர் இரவு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகம் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் களஞ்சியம் பூஜ்யம், குதிரைகள் செத்துக்கொண்டிருந்தன. மூன்று வாரமாகச் சேர்த்தது. அன்றைக்குத்தான் இந்தக் கட்டடத்தின் இன்னொரு பயன் எனக்குப் புரிந்தது.

படைக்குப் போக வேண்டிய தானியம் மணிக்கு 10,000 விளையும் ஊரில் 6,000 இம்பெரட்டோரிஸ் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொட்டி இல்லாமல் 18,000 தின்கின்றன, மணிக்கு 8,000 பற்றாக்குறை. 20-வது லெவல் களஞ்சியம் 80,000 கொள்ளும். முழுதாக நிறைத்து வைத்தாலும் 10 மணி நேரத்தில் காலி. தொட்டி இருந்தால் 12,000, பற்றாக்குறை 2,000, அதே களஞ்சியம் 40 மணி நேரம் தாங்கும். தீனி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, நமக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மடங்கு. பற்றாக்குறையில் ஓடும் ஊர்களில் எப்போதும் இப்படித்தான், தீனி குறையும் விகிதத்தைவிட அவகாசம் நீளும் விகிதம் பெரிது. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு நடுவில் ஆடுகிறவர்களுக்கு இந்த அவகாசம் தாக்குதல் புள்ளிகளைவிடப் பெரியது. 10 மணி நேரம் என்றால் போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும், 40 மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரலாம்.

மற்ற விளையாட்டுகளில் இதே பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்த்தால் ட்ராவியனின் வழி தனியாகத் தெரியும். 2006-இல் வந்த மெடீவல் 2: டோட்டல் வார் விளையாட்டில் நகரத்தின் மதில் உயர உயர, அந்த நகரத்துக்குள் இலவசமாக நிறுத்தி வைக்கக்கூடிய படையணிகளின் எண்ணிக்கை கூடும். மிகப்பெரிய நகரத்தில் 6 அணிகள் வரை ஒரு காசு கேட்காமல் நிற்கும். ஆனால் நகரக் காவல் படை வகைக்குத்தான் இந்தச் சலுகை, அதுவும் உள்ளே நிற்கும் வரைதான். வெளியே போருக்குக் கிளம்பினால் அன்றிலிருந்து செலவு. கோட்டைகளுக்கு இந்தச் சலுகையே கிடையாது, நல்ல போர்வீரர்கள் கிடைப்பது அங்கேதான் என்றாலும். எல்லையில் கோட்டை, உள்நாட்டில் நகரம் என்ற பழக்கம் ஆடுகிறவர்களுக்கு வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அதாவது அங்கே கட்டடம் குறைப்பது காவல் படையின் செலவை, ட்ராவியன் தொட்டி குறைப்பது தாக்கப் போகும் படையின் செலவை. இரண்டும் ஆடுகிறவரை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

திறந்த மூல விளையாட்டான பேட்டில் ஃபார் வெஸ்நாத்தில் ஊர்களைக் கட்ட முடியாது, பிடிக்கத்தான் முடியும். அங்கே ஒரு வீரனுக்கு ஆகும் செலவு அவன் லெவல் அளவு பொன், வழக்கமான அமைப்பில் ஒவ்வோர் ஊரும் ஒரு லெவல் அளவு படைச் செலவை ஏற்றுக்கொள்ளும். 5 ஊர் இருந்து, படையின் லெவல்களைக் கூட்டினால் 8 வருகிறது என்றால், 3 பொன் மட்டும் கையிலிருந்து போகும். எதிரி ஓர் ஊரைப் பிடித்தால் அதன் வருமானமும் போகும், அது தாங்கிய செலவும் நம் தலையில் விழும். வார்கிராஃப்ட் 3 இன்னும் கடுமை. ஃப்ரோசன் த்ரோன் பதிப்பில் படை 50 உணவைத் (படையின் அளவை அங்கே உணவில்தான் எண்ணுவார்கள்) தாண்டியதும் வெட்டியெடுக்கும் தங்கத்தில் 10-க்கு 7-தான் கைக்கு வரும், 80-ஐத் தாண்டினால் 4-தான். அதைக் குறைக்கக் கட்டடமே இல்லை, படையைப் பயன்படுத்தித் தீர்ப்பதுதான் ஒரே வழி. அங்கே 50-இல் நின்று ஆடுவதே ஒரு கலையாகிவிட்டது.

ட்ராவியனிலேயே தொட்டிக்கு மேல் ஒன்று உண்டு, ஆட்டத்தின் பிற்பகுதியில், கணினியே நடத்தும் நாட்டார் (Natars) இனத்திடமிருந்து பறிக்கும் உணவுக் கட்டுப்பாட்டு அரும்பொருள். சிறியது ஓர் ஊரின் படைத் தீனியைப் பாதியாக்கும், பெரியது நம் எல்லா ஊர்களுக்கும் கால் பங்கு குறைக்கும், ஒன்றே ஒன்றாக வரும் தனித்துவமானது நம் எல்லா ஊர்களுக்கும் பாதியாக்கும். வைத்திருக்கக் கருவூலம் வேண்டும், சிறியதற்கு 10-வது லெவல், மற்ற இரண்டுக்கும் 20. ஆனால் இதைப் பிடிக்கவும் காக்கவும் கூட்டணியே உழைக்க வேண்டும், ஒருவர் தன் திட்டத்தை இதை நம்பிப் போட முடியாது. தொட்டி நம் கையில் இருப்பது, யாரும் வந்து திருடிக்கொண்டு போகவும் முடியாது.

திருட முடியாது, உடைக்க முடியும். எதிரியின் கவண்கல் பட்டுத் தொட்டி 15-லிருந்து 14-க்கு இறங்கினால் போதும், அந்த நொடியே ஒவ்வொரு இம்பெரட்டோரிஸும் மறுபடி 3 தின்னத் தொடங்கும். மேலே சொன்ன ஊரில் 40 மணி நேர அவகாசம் 10 மணி நேரமாகிவிடும். தொட்டியை நம்பிப் படையை இன்னும் பெருக்கியிருந்தால் அதைவிட மோசம். சிலர் இதற்காக 16, 17 வரை ஏற்றி வைப்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, அந்த இரண்டு லெவலுக்கு மட்டும் முதல் 15-க்கு ஆன மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது, ஒழுங்காகக் கவண் கொண்டு வருகிறவன் இரண்டு லெவலோடு விட்டுப் போவதும் இல்லை. அந்த வளத்தில் இன்னொரு களஞ்சியம் கட்டுவேன். தொட்டி 15 ஆன பிறகும், இரவு படுக்கப் போகும் முன் குதிரைக்கு 3 என்ற பழைய கணக்கிலேயே விடியும் வரைக்குமான தானியத்தை நிறைத்து வைத்துவிட்டுத்தான் கணினியை அணைப்பேன்.